இரும்பைச் சீவுவது எப்படி?

லேத் பட்டறை ஒன்றின் வாசலைக் கடந்து நீங்கள் பலமுறை போயிருப்பீர்கள். உள்ளே கடைசல் இயந்திரம் சுழன்றுகொண்டிருக்கும். அதன் அடியிலுள்ள தகரத் தட்டில் இரும்புச் சுருள்கள் குவிந்து கிடக்கும். சில வெள்ளிபோல் மின்னும். சில வைக்கோல் நிறத்தில் இருக்கும். சில மயில் கழுத்து நீலம். சில சுருள்கள் முழ நீளத்துக்குத் தொங்கும்; சில வெறும் தூளாக உதிர்ந்திருக்கும். மாலையில் இவற்றைக் கூட்டி அள்ளி, சாக்கில் கட்டி, பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டுவிடுவார்கள்.

இந்தக் கழிவைச் ‘சீவல்’ என்று அழைப்போம். கப்பலின் தண்டு முதல் சைக்கிளின் அச்சு வரை, தண்ணீர் இறைக்கும் பம்பு முதல் கைக்கடிகாரத்தின் திருகு வரை, உலோகப் பொருள்களில் பலவும் சீவலை நீக்கித்தான் சரியான அளவுக்குக் கொண்டுவரப்படுகின்றன. அப்படியானால் கேள்வி இது: இரும்பிலிருந்து சீவல் எப்படிப் பிரிகிறது? உருளைக்கிழங்கின் தோலைக் கத்தி உரிப்பது போலவா? விறகைக் கோடரி பிளப்பது போலவா? அல்லது வேறு ஏதாவது விதத்திலா?

கேள்வி எளிதாகத் தெரிகிறது. ஆனால் இதற்குச் சரியான விடையை உறுதிப்படுத்த விஞ்ஞானிகளுக்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

உளி என்னும் ஆப்பு

முதலில் கருவியைப் பார்ப்போம். தச்சரின் உளி, இழைப்புளியின் தகடு, ரம்பத்தின் பல், துளையிடும் ட்ரில், லேத்தில் மாட்டும் வெட்டுளி ஆகிய எல்லாவற்றின் முனையிலும் இருப்பது ஓர் ஆப்புதான். அந்த ஆப்புக்கு இரண்டு முகங்கள் உண்டு. சீவல் ஏறி வழுக்கிச் செல்லும் முகம் ஒன்று. அதை மேல்முகம் என்போம். புதிதாக வெட்டப்பட்ட பரப்பை நோக்கி இருக்கும் முகம் மற்றொன்று. அது பக்கமுகம்.

பக்கமுகம் வெட்டிய பரப்பின்மீது தேய்ந்துகொண்டே வரக் கூடாது. எனவே அதைச் சில டிகிரி விலக்கிச் சாணை பிடிக்கிறார்கள். ஆறு முதல் எட்டு டிகிரி வரை வழக்கம். இதைப் பட்டறையில் ‘கிளியரன்ஸ்’ என்பார்கள். மேல்முகமும் செங்குத்தாக நிற்காமல் பின்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கலாம். அந்தச் சாய்வுக்கு ‘ரேக்’ கோணம் என்று பெயர். நாம் சரிவுக் கோணம் என்று சொல்வோம்.

சரிவுக் கோணம் கூடினால் ஆப்பு மெலிதாகும்; வெட்டுவது இலகுவாகும். ஆனால் மெல்லிய முனை எளிதில் உடையும். வெப்பத்தைக் கடத்திவிடவும் அதில் போதிய உலோகம் இராது. சரிவுக் கோணம் குறைந்தால் முனை பலமாக இருக்கும். ஆனால் தள்ளுவதற்கு அதிக விசை வேண்டும். உளியைச் சாணை பிடிக்கும் ஒவ்வொரு டர்னரும் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம் செய்துகொள்கிறார்.

பிளவா, சறுக்கலா?

விறகு பிளப்பதை நினைத்துப் பாருங்கள். கோடரி மரத்தில் இறங்கியதும் அதன் முனைக்கு முன்னாலேயே ஒரு விரிசல் ஓடுகிறது. அதன்பின் முனைக்கு அதிக வேலை இல்லை. கோடரியின் இரு பக்கங்களும் கட்டையை அகற்றினால் போதும். விரிசல் தானே நீளும்.

உலோகத்திலும் இப்படித்தான் நடக்கிறது என்று பலர் நம்பினார்கள். இயந்திரவியலில் பெரும்புகழ் பெற்ற ஜெர்மானிய அறிஞர் ரூலோ, 1900ஆம் ஆண்டில் இக்கருத்தை வெளியிட்டார். உளி முனைக்கு முன்னால் ஒரு விரிசல் ஓடுகிறது; அதன் வழியே சீவல் பிரிகிறது என்றார் அவர். சொன்னவர் பெரியவர்; உவமையும் எல்லாருக்கும் பழக்கமானது. எனவே இக்கருத்து நெடுநாள் நிலைத்துவிட்டது.

ஆனால் அதற்கு முன்பே வேறு விதமாகச் சொன்னவர்கள் இருந்தார்கள். ரஷ்யாவைச் சேர்ந்த டைம் என்பவர் 1870இல், உளிக்கு முன்னால் உள்ள உலோகம் ஒரு சாய்ந்த தளத்தின் வழியே சறுக்கித்தான் சீவலாகிறது என்று எழுதினார். 1881இல் இங்கிலாந்தில் மல்லாக் என்பவர் சீவல்களை வெட்டி மெருகேற்றி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். களிமண், சோப்பு முதல் எஃகு வரை எல்லாவற்றையும் சீவிப் பார்த்து, நடப்பது பிளவு அல்ல, சறுக்கலே என்ற முடிவுக்கு வந்தார். சீவலுக்கும் உளியின் மேல்முகத்துக்கும் இடையிலுள்ள உராய்வு இதில் முக்கியப் பங்கு வகிக்கிறது என்பதையும் அவர் கண்டார்.

யார் சொன்னது சரி என்பதைத் தீர்மானிக்க ஓர் எளிய சான்று உண்டு. அதற்கு நுண்ணோக்கிகூடத் தேவையில்லை. ஒரு நூலும் ஓர் அளவுகோலும் போதும்.

குட்டையாகிவிடும் சீவல்

32 மி.மீ. விட்டமுள்ள மென் எஃகுத் தண்டு ஒன்றை லேத்தில் கடைவதாக வைத்துக்கொள்வோம். அதன் சுற்றளவு சுமார் 100 மி.மீ. தண்டு பத்துச் சுற்றுச் சுற்றினால் உளி ஒரு மீட்டர் நீளத்துக்கு உலோகத்தை வெட்டியிருக்க வேண்டும். உரித்த தோல்போல அது வந்திருந்தால் சீவலும் ஒரு மீட்டர் நீளம் இருக்கும் அல்லவா?

ஆனால் சீவலின் மேல் நூலை வைத்து அளந்தால் நீளம் ஒரு மீட்டர் இராது. பாதிகூடத் தேறாமல் போகலாம். 40 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மீதி 60 செ.மீ. எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை. சீவலின் கனத்தை அளந்து பாருங்கள். உளி நீக்கிய படலத்தின் கனம் 0.2 மி.மீ. என்றால், சீவலின் கனம் 0.5 மி.மீ. ஆக இருக்கும். அகலம் ஏறக்குறைய மாறுவதில்லை. நீளம் குறைந்த அளவுக்குக் கனம் கூடியிருக்கிறது. உலோகத்தின் கன அளவு மாறவில்லை.

உரித்த தோல் குட்டையாவதில்லை. பிளந்த விறகும் தடிமன் ஆவதில்லை. சீவல் மட்டும் குட்டையாகவும் தடிப்பாகவும் மாறுகிறது என்றால், அது வெறுமனே பிரித்தெடுக்கப்பட்ட துண்டு அல்ல. உளி அதைத் தள்ளி, அமுக்கி, உருவத்தையே மாற்றியிருக்கிறது.

இதனால் வேகமும் மாறுகிறது. தண்டின் பரப்பு நிமிடத்துக்கு 100 மீட்டர் வேகத்தில் உளியை நோக்கி வந்தால், சீவல் நிமிடத்துக்கு 40 மீட்டர் வேகத்தில்தான் வெளியேறும்.

சீட்டுக்கட்டைச் சாய்த்துப் பாருங்கள்

உருவம் எப்படி மாறுகிறது என்பதை விளக்கப் பின்லாந்து நாட்டைச் சேர்ந்த பீஸ்பானென் 1937இல் ஓர் அழகிய உவமை சொன்னார். உலோகத்தை ஒரு சீட்டுக்கட்டாகக் கற்பனை செய்யுங்கள். சீட்டுகள் உளியை நோக்கிச் சாய்வாக அடுக்கப்பட்டிருக்கின்றன. உளி நெருங்கும்போது முதல் சீட்டு அடுத்த சீட்டின்மீது சறுக்கி மேலே ஏறுகிறது. பிறகு அடுத்தது. பிறகு அதற்கு அடுத்தது. இப்படி வரிசையாக ஏறிய சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மேல்முகத்தின் வழியே செல்வதுதான் சீவல்.

சீட்டுகள் சறுக்கும் அந்தச் சாய்ந்த தளம் உளியின் முனையில் தொடங்கி, முன்னோக்கி மேலெழுந்து, தண்டின் வெளிப்பரப்பில் முடிகிறது. அதைச் சறுக்குத் தளம் என்போம். வெட்டும் திசையோடு அது அமைக்கும் கோணம் சறுக்குக் கோணம்.

மேலே சொன்ன கணக்கில் உளியின் சரிவுக் கோணம் பூச்சியம் என்று கொண்டால், சறுக்குக் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பு 0.2ஐ 0.5ஆல் வகுத்தால் வருவது. அதாவது 0.4. கோணம் ஏறக்குறைய 22 டிகிரி. ஒன்பதாம், பத்தாம் வகுப்பு முக்கோணவியலே இதற்குப் போதும்.

இன்னும் ஓர் அடி போவோம். இந்தக் கோணத்தில் 1 மி.மீ. கனமுள்ள ஒவ்வொரு சீட்டும் அடுத்த சீட்டின்மீது 2.9 மி.மீ. தூரம் சறுக்கியாக வேண்டும். இது சாதாரண விஷயம் அன்று. மென் எஃகுக் கம்பியைப் பிடித்து இழுத்தால் தன் நீளத்தில் கால் பங்கு நீள்வதற்குள் அறுந்துவிடும். அதைக் காட்டிலும் எத்தனையோ மடங்கு உருமாற்றத்தைச் சீவல் தாங்குகிறது, அறுந்துபோவதில்லை. ஏன்? இழுக்கும்போது உள்ளே தோன்றும் சிறு பிளவுகள் வாய் திறந்து பெரிதாகின்றன. ஆனால் உளியின் முன்னால் உலோகம் கடுமையாக அமுக்கப்படுகிறது. அந்த அமுக்கத்தில் பிளவுகள் வாய் திறக்க வழியில்லை.

இவ்வளவும் நடக்க ஆகும் நேரம், ஒரு வினாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான்!

இதை நேரில் பார்க்க முடியுமா? முடியும். வெட்டிக்கொண்டிருக்கும்போதே சிறு வெடிமருந்துத் தோட்டா ஒன்றால் உளியைக் கண நேரத்தில் அடித்து விலக்கிவிடுவார்கள். சீவல் பாதி பிரிந்த நிலையில் தண்டோடு ஒட்டி நிற்கும். அந்தத் துண்டை அறுத்து, மெருகேற்றி, அமிலத்தில் நனைத்து நுண்ணோக்கியில் வைத்தால் உலோகத்தின் மணிகள் தெரியும். சறுக்குத் தளத்துக்கு முன்னால் அவை ஒழுங்கான மணிகளாக இருக்கும். தளத்தைக் கடந்ததும் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நீண்டு கிடக்கும். எஃகு போன்ற உலோகத்தில் உளி முனைக்கு முன்னால் விரிசல் எதுவும் ஓடுவதில்லை. இவ்வாறு கோடரி உவமை கைவிடப்பட்டது.

சோப்பில் ஒரு சோதனை

லேத் இல்லாமலும் இதைச் செய்து பார்க்கலாம். புதிய சலவை சோப்புக் கட்டி ஒன்றும், எஃகு அடிக்கோல் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். சோப்பின் மேல்பரப்பில், நீளத்துக்குக் குறுக்காக, 1 செ.மீ.க்கு ஒன்று வீதம் பேனாவால் கோடுகள் போடுங்கள். அடிக்கோலின் குறுகிய விளிம்பைச் சோப்பின்மேல் நேராக நிறுத்தி, சற்றே அழுத்தி, உங்களிடமிருந்து அப்பால் மெதுவாகத் தள்ளுங்கள்.

சோப்புச் சீவல் சுருண்டு வரும். அதன்மீது பேனாக் கோடுகளைப் பாருங்கள். அவற்றுக்கு இடையே இப்போது 1 செ.மீ. இராது, நெருங்கி வந்திருக்கும். அடிக்கோலைத் தொட்ட பக்கம் வழவழப்பாகவும், மறுபக்கம் சுருக்கம் விழுந்தும் இருக்கும்.

இனி அடிக்கோலின் தலையை உங்கள் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மீண்டும் தள்ளுங்கள். தள்ளுவது இலகுவாகிறது. சீவல் மெல்லியதாகிறது. கோடுகள் முன்போல் அவ்வளவு நெருங்குவதில்லை. சரிவுக் கோணம் கூடியதும் சறுக்குத் தளம் நிமிர்ந்துவிட்டது என்பதே இதன் பொருள். சோப்பு உதிர்ந்தால் சற்று ஈரமாக்கிக்கொள்ளுங்கள்.

இரும்புச் சுருளிலும் இதே அடையாளங்கள் உண்டு. சுருளின் வெளிப்பக்கம் கண்ணாடிபோல் மின்னும். உளியை உரசிச் சென்ற பக்கம் அதுதான். உட்பக்கம் மங்கலாக, நுண்ணிய ரம்பப் பற்கள்போல் வரிவரியாக இருக்கும். அவை சறுக்கிய சீட்டுகளின் விளிம்புகள்.

எண்ணெய் செய்யும் இரட்டை உதவி

அமெரிக்காவில் சின்சினாட்டி நகரில் மில்லிங் இயந்திரங்கள் செய்யும் நிறுவனம் ஒன்றில் 1936இல் யூஜீன் மெர்ச்சன்ட் என்ற இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். உளிக்கும் சீவலுக்கும் இடையே நிகழும் உராய்வை ஆராய்வது அவருக்கு இட்ட பணி. அவரும் எர்ன்ஸ்ட் என்ற அறிஞரும் சேர்ந்து விசைகளை அளந்து, சறுக்குத் தளத்துக்குக் கணித வடிவம் கொடுத்தார்கள். மெர்ச்சன்டின் புகழ்பெற்ற ஆய்வுரைகள் 1945இல் வெளிவந்தன.

சறுக்குத் தளம் ஏன் 22 டிகிரியில் அமைகிறது? 10 டிகிரியிலோ 40 டிகிரியிலோ ஏன் அமையவில்லை? எந்தத் தளத்தில் சறுக்கினால் மிகக் குறைந்த ஆற்றல் செலவாகுமோ, அந்தத் தளத்தையே உலோகம் தேர்ந்துகொள்கிறது என்று மெர்ச்சன்ட் விடை சொன்னார்.

இதிலிருந்து ஒரு வியப்பான உண்மை தெரிந்தது. மேல்முகத்தில் உராய்வு அதிகமாக இருந்தால் சீவல் எளிதில் நகராது. எனவே சறுக்குத் தளம் தாழ்ந்து படுத்துக்கொள்கிறது. படுத்த தளம் நீளமானது; அதன் வழியே உலோகத்தைச் சறுக்கவைக்க அதிக விசை வேண்டும். சீவலும் தடிமனாகிறது. உராய்வு குறைந்தாலோ தளம் நிமிர்கிறது, அதன் நீளம் குறைகிறது, விசையும் குறைகிறது.

ஆக, டர்னர் விடும் எண்ணெய் இரண்டு வகையில் உதவுகிறது. உராயும் இடத்தில் உராய்வைக் குறைக்கிறது. அத்துடன், தான் தொடாத இடமான சறுக்குத் தளத்திலும் வேலையைக் குறைக்கிறது! அலுமினியம் கடையும்போது டர்னர் மண்ணெண்ணெய் தொட்டு வைப்பதும் இதனால்தான்.

இந்த உராய்வு சாதாரண உராய்வு அன்று. நம்மைச் சுற்றியுள்ள உலோகப் பரப்புகளின்மேல் மெல்லிய ஆக்சைடு படலமும் அழுக்கும் எண்ணெய்ப் பசையும் உண்டு. ஆனால் சீவலின் அடிப்பக்கம் அந்தக் கணத்தில் பிறந்த புத்தம்புதிய பரப்பு. காற்றுகூட அதைத் தொட்டதில்லை. அத்தகைய பரப்பு மிகுந்த சூட்டில், மிகுந்த அழுத்தத்தில் உளியோடு சேரும்போது இரண்டும் ஒட்டிக்கொள்ளப் பார்க்கின்றன. சில வேகங்களில் சீவலின் துணுக்குகள் உளி முனைமேல் உண்மையாகவே ஒட்டி, அடுக்கடுக்காக வளர்ந்து, பொய் முனை ஒன்றை உண்டாக்கிவிடும். பிறகு அது பிய்த்துக்கொண்டு போகும், மீண்டும் வளரும். பிய்ந்த துணுக்குகள் கடைந்த பரப்பில் பதிந்து அதைச் சொரசொரப்பாக்கிவிடும். வேகத்தைக் கூட்டினால் பெரும்பாலும் இத்தொல்லை மறையும்.

பீரங்கியும் கொதிநீரும்

நமது எடுத்துக்காட்டில் ஆகும் செலவைக் கணக்கிடுவோம். படலத்தின் கனம் 0.2 மி.மீ.; அகலம் 2 மி.மீ.; வேகம் நிமிடத்துக்கு 100 மீட்டர். மென் எஃகை இப்படி வெட்ட ஏறக்குறைய 1000 நியூட்டன் விசை வேண்டும். ஒரு நெல் மூட்டையின் எடையைவிட அதிகமான சுமை, நகக்கண் அளவுகூட இல்லாத முனையின்மேல் இறங்குகிறது! செலவாகும் திறன் 1.67 கிலோவாட், அதாவது இரண்டு குதிரைத் திறனுக்குச் சற்று மேல்.

இந்த ஆற்றல் எங்கே போகிறது? ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகிவிடுகிறது. அதைத் தண்ணீருக்குள் செலுத்த முடிந்தால் ஒரு லிட்டர் தண்ணீரை மூன்று நிமிடத்தில் கொதிக்க வைத்துவிடலாம்.

உண்மையிலேயே அப்படிக் கொதிக்க வைத்தவர் ஒருவர் உண்டு. ரம்ஃபோர்டு பிரபு என்று பெயர் பெற்ற பெஞ்சமின் தாம்சன், ஜெர்மனியின் மியூனிக் நகரில் பீரங்கிகள் துளைபோடும் தொழிற்சாலையை மேற்பார்வையிட்டு வந்தார். பீரங்கியைத் துளையிடும்போது அதுவும், அதைவிட அதிகமாகச் சீவல்களும் சூடாவதைக் கவனித்தார். வெப்பம் என்பது ‘கலோரிக்’ என்னும் கண்ணுக்குத் தெரியாத திரவம் என்று அந்நாளில் நம்பினார்கள். உலோகம் சீவலாக நொறுங்கும்போது அத்திரவம் பிழிந்து வெளியேறுகிறது என்று விளக்கம் சொன்னார்கள்.

அப்படிப் பிழியப்பட்டிருந்தால் சீவலின் குணம் மாறியிருக்க வேண்டும் அல்லவா? ரம்ஃபோர்டு சீவலையும் அதே உலோகத்தின் முழுத் துண்டையும் சம எடையில் எடுத்துச் சம அளவு சூடாக்கிக் குளிர்ந்த நீரில் இட்டார். இரண்டும் நீரை ஒரே அளவே சூடாக்கின. சீவல் எதையும் இழந்திருக்கவில்லை!

பிறகு வேண்டுமென்றே மழுங்கிய துளைக்கருவி ஒன்றை வைத்து, குதிரைகளைக் கொண்டு பீரங்கி உருளையைச் சுழற்றினார். அதைச் சுற்றி ஒரு பெட்டியில் சுமார் எட்டரைக் கிலோ தண்ணீர் நிரப்பியிருந்தார். இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்தது. நெருப்பே இல்லாமல் நீர் கொதிப்பதைக் கண்டு கூடியிருந்தவர்கள் திகைத்தார்கள். குதிரைகள் சுற்றும்வரை வெப்பம் வந்துகொண்டே இருந்தது. வற்றாமல் வரும் ஒன்று திரவமாக இருக்க முடியாது. அது இயக்கத்திலிருந்தே பிறக்க வேண்டும் என்று அவர் 1798இல் அறிவித்தார். வெப்பத்தைப் பற்றிய இன்றைய அறிவுக்கு வழிகாட்டிய சோதனைகளுள் ஒன்று, இப்படி உலோகம் துளைக்கும் பட்டறையில் பிறந்தது.

நமது எடுத்துக்காட்டில் வெப்பத்தில் சுமார் முக்கால் பங்கு சறுக்குத் தளத்திலும், மீதி மேல்முக உராய்விலும் உண்டாகிறது. நல்ல காலமாக, அதன் பெரும்பகுதியைச் சீவலே தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. சீவலின் நிறம் இதைக் காட்டிக்கொடுக்கும். எஃகைச் சில நிமிடங்கள் சூடாக்கினால் சுமார் 230 டிகிரி செல்சியஸில் வைக்கோல் நிறமும், 300 டிகிரியில் நீலமும் தோன்றும். அவை மெல்லிய ஆக்சைடு படலத்தின் நிறங்கள். சீவலோ சில நொடிகளே சூடாக இருக்கிறது. எனவே நீலச் சீவல் 300 டிகிரியையும் தாண்டித்தான் வந்திருக்கும்.

360 டன் சீவல்

உளியோ அங்கிருந்து தப்பிப் போக முடியாது. வினாடிக்கு வினாடி புதிய சூடான சீவல் அதன்மேல் ஏறிக்கொண்டே இருக்கிறது. மேல்முகத்தில் முனைக்குச் சற்றுப் பின்னால் வெப்பம் மிக அதிகம்; அங்கே சிறு பள்ளம் விழும். பக்கமுகமும் தேயும். பழைய கரி எஃகு உளிகள் 250 டிகிரிக்கு மேல் கடினம் இழந்து மழுங்கின. எனவே இயந்திரத்தை மெதுவாகவே ஓட்ட வேண்டியிருந்தது.

எவ்வளவு வேகத்தில் ஓட்டலாம்? அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் எஃகு ஆலை ஒன்றில் வேலை பார்த்த ஃபிரெடரிக் டெய்லர் 1880இல் இக்கேள்வியைக் கையில் எடுத்தார். 26 ஆண்டுகள் அதை விடவில்லை. முப்பதாயிரத்துக்கும் ஐம்பதாயிரத்துக்கும் இடைப்பட்ட சோதனைகள். அவற்றில் சீவலாகிய உலோகம் எட்டு லட்சம் பவுண்டு, அதாவது சுமார் 360 டன்! வெட்டும் இடத்தில் தாராளமாகத் தண்ணீர் விட்டாலே வேகத்தை 30 முதல் 40 சதவீதம் கூட்டலாம் என்பது அவர் ஆரம்பத்திலேயே கண்ட உண்மை. பிறகு வைட் என்பவருடன் சேர்ந்து, சிவக்கும் சூட்டிலும் கூர் மழுங்காத அதிவேக எஃகை உருவாக்கினார். 1900இல் பாரிஸ் பொருட்காட்சியில் அந்த உளி முனை சிவந்து, நீலச் சீவலைக் கக்கியபடி வெட்டியதைக் கண்டவர்கள் வியந்தார்கள்.

டெய்லர் 1906இல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு விதி இருந்தது. வேகத்தைச் சிறிது கூட்டினாலும் உளியின் ஆயுள் மளமளவென்று குறையும் என்பது அதன் சாரம். அதிவேக எஃகு உளிக்கு, வேகம் எத்தனை மடங்காகிறதோ அந்த எண்ணை எட்டு முறை பெருக்கி, அதனால் ஆயுளை வகுக்க வேண்டும். வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டுங்கள்: 1.1ஐ எட்டு முறை பெருக்கினால் 2.14. எனவே ஒரு மணி நேரம் உழைக்கும் உளி 28 நிமிடத்தில் மழுங்கிவிடும். இருபது சதவீதம் கூட்டினால் 14 நிமிடம்! அவசரப்படும் பட்டறைக்கு இலாபத்தைவிடச் சாணை பிடிக்கும் நேரமே மிஞ்சும்.

1920களில் ஜெர்மனியின் குருப் ஆலை, டங்ஸ்டன் கார்பைடு பொடியைக் கோபால்டுடன் சேர்த்துச் சுட்டெடுத்த புதிய முனையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ‘வைரத்தைப் போன்றது’ என்று பொருள்படும் ஜெர்மன் சொற்களிலிருந்து அதற்கு ‘விடியா’ என்று பெயர் வைத்தார்கள். நம் பட்டறைகளில் இன்றும் கார்பைடு உளியை விடியா டூல் என்று சொல்வதைக் கேட்கலாம். அது 900 டிகிரி அளவிலும் கடினம் இழப்பதில்லை. ஆனால் எளிதில் உடையக்கூடியது. எனவே சரிவுக் கோணத்தைக் குறைத்து, சில சமயம் எதிர்ப்பக்கமாகவே சாய்த்து, அதன் முனைக்குப் பலம் சேர்க்கிறார்கள்.

நீண்ட சுருள் அழகானது, ஆபத்தானது

எல்லா உலோகமும் சுருளாக வருவதில்லை. வார்ப்பிரும்பில் பென்சில் கரியான கிராஃபைட், மெல்லிய செதில்களாகக் கலந்திருக்கிறது. சறுக்கத் தொடங்கியதுமே அச்செதில்களின் வழியே உடைந்து துணுக்குகளாக உதிரும். விரிசல் பற்றிய பழைய கருத்து இங்கே ஓரளவு பொருந்தும் எனலாம். கடைவதற்கென்றே செய்யும் பித்தளையில் சுமார் மூன்று சதவீதம் ஈயம் சேர்க்கிறார்கள். ஈயத் துளிகள் சீவலைச் சிறு துண்டுகளாக நறுக்கிவிடும். மென் எஃகும் அலுமினியமும்தான் நீண்ட சுருளாக வருபவை.

நீண்ட சுருள் பார்ப்பதற்கு அழகு. ஆனால் அதன் இரு ஓரங்களும் பிளேடுபோல் கூர்மை. கையைச் சுட்டுவிடும் சூடு. சுழலும் தண்டில் அது சுற்றிக்கொண்டால் சாட்டைபோல் வீசும். கையால் பிடித்து இழுத்த அனுபவமில்லாத பையன்களின் விரல்கள் எலும்புவரை அறுபட்டதுண்டு. துணுக்காகத் தெறிக்கும் சீவலோ கண்ணுக்குப் பகை.

எனவே சுருளை ஒடிப்பதற்கு உளியின் மேல்முகத்தில் ஒரு சிறு படியோ பள்ளமோ அமைக்கிறார்கள். ஏறிவரும் சீவல் அதில் மோதி, அளவுக்கு மீறி வளைந்து, தானே ஒடிந்து விழும். இன்று விற்கும் கார்பைடு முனைகளின்மேல் காணும் மேடுபள்ளங்கள் அழகுக்கு வார்த்தவை அல்ல, சீவலை ஒடிக்கவே.

தொழிற்பயிற்சி நிலையத்தில் சேரப்போகும் மாணவர்கள் இவற்றை மனத்தில் கொள்ளுங்கள். சீவலைக் கையால் தொடாதீர்கள், கைத்துணியாலும் வேண்டாம். இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கொக்கியாலோ தூரிகையாலோ அகற்றுங்கள். கண்ணாடி அணியாமல் லேத் முன் நிற்காதீர்கள். கையுறை, மோதிரம், தொங்கும் சட்டைக்கை, துப்பட்டா எதுவும் சுழலும் தண்டின் அருகே கூடாது.

இன்னும் முடியாத கணக்கு

எல்லாம் தெரிந்துவிட்டதா? இல்லை. மெர்ச்சன்டின் சூத்திரம் தரும் சறுக்குக் கோணமும், சீவலை அளந்து காணும் கோணமும் பல உலோகங்களில் ஒத்துப்போவதில்லை. சறுக்கும்போதே உலோகம் இறுகுகிறது. அதே சமயம் சூட்டினால் இளகுகிறது. இறுகுவது எவ்வளவு, இளகுவது எவ்வளவு என்பது உலோகத்துக்கு உலோகம், வேகத்துக்கு வேகம் மாறுகிறது. அவருக்குப் பின் வேறு பல சூத்திரங்கள் வந்தன. இன்று கணிப்பொறிகள், முனையைச் சுற்றியுள்ள உலோகத்தை ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றின் விசையையும் வெப்பத்தையும் கணக்கிடுகின்றன. ஆயினும், புதிய உலோகக் கலவை ஒன்றை முன்பின் சோதிக்காமல், சீவல் இவ்வளவு கனத்தில்தான் வரும் என்று எல்லா நிலைமைகளுக்கும் துல்லியமாகச் சொல்லும் ஒரே சூத்திரம் இன்னும் கிடைக்கவில்லை.

அதனால் அனுபவம் மிக்க டர்னரும் ஆராய்ச்சிக்கூட விஞ்ஞானியும் இன்றும் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள். கொஞ்சம் வெட்டிப் பார்த்து, வந்த சீவலின் நிறத்தையும் கனத்தையும் வளைவையும் கவனிக்கிறார்கள். டர்னர் அதைக் கண்டு இயந்திரத்தின் வேகத்தை மாற்றுகிறார். விஞ்ஞானி தம் சூத்திரத்தை மாற்றுகிறார்.